இருபத்துமூன்றாம் எண் கல்

எங்கள் அடுக்ககத்தில் யார் என்னிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு விரல் என் முகத்துக்கு நேராக நீளும். அதில் மோதிரம் இருக்கும். "மேடம், இது ஒரிஜினல் புஷ்பராகம்தானா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்." அயனம்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில், கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன் என்று லிஃப்டில் ஒருத்தியிடம் வாயை விட்டதன் பலன். நானும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் கண்ணாடியாகத்தான் இருக்கும். "நல்ல கல்லுதாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் மனசு கெடும். மறுநாள் அதே லிஃப்டில் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை பார்ப்பது பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில். ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு மே மாதமும் துறைத்தலைவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஜூனில் நான் உண்டு, போடாவிட்டால் இல்லை. சுரங்கமும் கனிமங்களை அடையாளம் காண்பதும் என் பாடங்கள். வந்து சேர்கிற பிள்ளைகள் ஆசைப்பட்டுச் சேர்வதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல், காமர்ஸும் கிடைக்காமல், "இது இன்னா கோர்ஸு?" என்று கேட்டுக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்பியவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆவடியிலிருந்து திருமழிசை வரை எங்கே தோண்டினாலும் களிமண்ணும் ஏரி வண்டலும்தான். மலையை அவர்கள் பார்த்தது திருப்பதிக்குப் போனபோது; அப்போதும் பஸ்ஸில் தூங்கியிருப்பார்கள். கல் என்றால் வெளிவட்டச் சாலையில் டிப்பர் லாரி சிந்திக்கொண்டு போகிற ஜல்லி.

சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போக வருடா வருடம் எழுதிக் கேட்பேன். வண்டி இல்லை, காப்பீடு இல்லை, பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஏதாவது ஒன்று பதிலாக வரும். ஒரு வருடம் குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையத்துக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தை வேலிக்கு வெளியே நின்று காட்டி, "திறந்தவெளிச் சுரங்கம் இந்த மாதிரிதான் படிப்படியா இறங்கும்னு நெனச்சுக்குங்க" என்றேன். காவலாளி விரட்டிவிட்டார். சுரங்கப் பாடத்தில் என் பிள்ளைகளின் கள அனுபவம் அவ்வளவுதான்.

கனிமப் பாடத்தைச் சமையலறையிலிருந்து ஆரம்பிப்பேன். வீட்டு மேடையின் கிரானைட்டைப் போய்ப் பாருங்கள், மினுமினுக்கிற ஏடு மைக்கா, கண்ணாடிச் சில்லுபோல இருப்பது குவார்ட்ஸ், பால் நிறத்தில் கட்டம் கட்டமாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார் என்பேன். "எங்க ஊட்ல கடப்பா கல்லு மேம்" என்று ஒருவன் எழுந்து சொல்வான். வகுப்பு சிரிக்கும். கட்டடம் கட்டுகிற இடங்களில் உடைந்து கிடக்கும் டைல்ஸைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். டைல்ஸின் முதுகில் பளபளப்புப் பூச்சு இருக்காது. அதில் கல்லைத் தேய்த்தால் கோடு விழும். கறுப்பாக இருக்கிற ஹேமடைட் செக்கச் சிவப்பாகக் கோடு போடும். தங்கம்போல ஜொலிக்கிற பைரைட் கறுப்பாகப் போடும். நிறத்தை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள் என்று சொல்லும்போது கடைசி வரிசையில்கூட செல்போன் கீழே இறங்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தில் எங்களிடம் இருந்தது அறுபது கல். நான் சேர்வதற்கு வெகு முன்னால் யாரோ மொத்தமாக வாங்கியது. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு, பொட்டின்மேல் கறுப்பு மையில் ஓர் எண். எந்த எண் எந்தக் கனிமம் என்பது ஒரு தடித்த பதிவேட்டில் இருக்கும். தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற ஆசிரியர் அந்தப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுவார். இருபத்துமூன்றாம் எண்ணுக்கு நேரே டோலமைட் என்று எழுதியிருந்தது.

அது டோலமைட் இல்லை. சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. டோலமைட்டும் கால்சைட்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாக இருக்கும். பிரித்தறிய நீர்த்த ஆசிட் ஒரு சொட்டுப் போதும். கால்சைட் பட்ட மாத்திரத்தில் நுரைத்துப் பொங்கும். டோலமைட் சும்மா கிடக்கும். சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் விட்டால்தான் முணுமுணுக்கும். இருபத்துமூன்றில் சொட்டு விட்டேன், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கியது. அசல் கால்சைட்.

துறைத்தலைவரிடம் ஓடினேன். நிதானமான மனிதர், கோபப்படத் தெரியாதவர். "தெரியும் மேடம்" என்றார். "இப்ப அதைக் கால்சைட்னு திருத்தினா ஸ்டாக்ல ஒரு டோலமைட் காணாமப் போயிடும். வெரிஃபிகேஷன்ல கேட்டா நான் எங்க போவேன்?"

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே சார்?"

"ஏற்கெனவே இருக்கறதை எப்படி மேடம் வாங்க முடியும்?"

பொங்கல் விடுமுறைக்குச் சேலம் போனபோது நல்ல டோலமைட் ஒன்றை நானே பொறுக்கிவந்து அலமாரியில் வைத்தேன். அந்த வருட சரிபார்ப்பில் அதைக் காணோம். ஆய்வக உதவியாளரைக் கேட்டேன். "நம்பர் இல்லாத கல்லு லேப்ல கீதுன்னா என்னியதான மேடம் கேப்பாங்கோ? செம்பருத்திச் செடியாண்ட போட்டுட்டேன்" என்றார். போய்த் தேடினேன், அங்கே ஜல்லிதான் கிடந்தது. இன்னொன்று கொண்டுவந்திருக்கலாம். ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை சேலம் போனேன், கொண்டுவரவில்லை.

முதல் இரண்டு வருடம் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். இது உண்மையில் கால்சைட், ஆனால் தேர்வில் டோலமைட் என்று எழுதுங்கள் என்றேன். அதுகள் குழம்பிப்போய்ப் பாதிப் பேர் கால்சைட் என்று எழுதி மதிப்பெண்ணை விட்டார்கள். மூன்றாம் வருடம் துறைத்தலைவர் கூப்பிட்டு, "எதுக்கு மேடம் பிள்ளைங்களைக் குழப்பறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அது மே மாதம். அதிலிருந்து இருபத்துமூன்று என் வாயிலும் டோலமைட் ஆகிவிட்டது.

இதெல்லாம் அந்தப் பெண் வரும்வரை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது.

அவள் ஆவடியிலிருந்து வந்தாள். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. பிறந்து வளர்ந்தது எல்லாம் குவார்ட்டர்ஸ். என் வகுப்பில் பென்சில் பெட்டிக்குள் ஒரு ஆணியும் ஒரு செப்புக் காசும் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நகத்தால் கீறு, காசால் கீறு, ஆணியால் கீறு, எதற்கு மசிகிறதோ அதை வைத்துக் கடினத்தைச் சொல் என்று நான் நடத்தியதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்துத் திண்டு, கோயில் படி, கல்லூரி வாசலில் கிடந்த குத்துக்கல் எதையும் விட்டுவைக்கவில்லை. உப்புக்கல்லை நக்கிப் பார்க்கச் சொன்னபோது மற்றவர்கள் முகம் சுளிக்க, இவள் நக்கிவிட்டுப் பக்கத்துக் கல்லையும் நக்கினாள். அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் வாத்தியாருக்குத் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை.

அவளுடைய மூன்றாம் வருடத்தில் கார்பனேட் கனிமங்கள் நடத்தினேன். அவள் இருபத்துமூன்றில் ஆசிட் விட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "மேம், டோலமைட் லேசாத்தான் பொங்கும்னு புக்ல போட்டுருக்குது. இது உடனே பொங்குதே?"

வகுப்பே என்னைப் பார்த்தது. துறைத்தலைவர் அறை அடுத்த கதவு, திறந்துதான் இருந்தது. எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "வருஷக்கணக்கா ஆளாளுக்குச் சுரண்டினதுல மேல பொடி ஒட்டியிருக்கும்மா. பொடி பொங்கத்தானே செய்யும்? டோலமைட்னு எழுது" என்றேன். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமான பொய். பாடத்திலிருந்தே எடுத்துச் செய்தது. அவள் முகம் தெளிந்து, அந்தக் காரணத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த வருடக் கடைசியில் தெற்கே உள்ள ஒரு சிமெண்ட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் தரம் பார்க்கும் பயிற்சியாளர், ஒரே ஓர் இடம், பெண்களும் வரலாம், காலனியில் குவார்ட்டர்ஸ் உண்டு. எங்கள் துறைக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. அவள் என் மேசைக்கு வந்து குவார்ட்டர்ஸ் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவுக்கு மே மாதம் ஓய்வு. வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். வெள்ளானூரில் அவர் வாங்கிப்போட்ட மனை ஏரிப் புறம்போக்கில் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆவடியில் வாடகை விசாரித்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம்.

"கெடைச்சா எல்லாரும் அங்கயே போயிடலாம் மேம். அம்மா இப்பவே சாமானைக் கட்ட ரெடி. அங்க தண்ணி எப்படி இருக்கும் மேம்?"

"சுண்ணாம்புப் பூமி. உப்பாத்தான் இருக்கும்."

"இங்க மட்டும் இன்னா தேனாவா கீது?" என்று சொல்லிவிட்டு, என்னிடம் அப்படிப் பேசியதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு மாதம் வகுப்பு முடிந்தபின் அவளை உட்காரவைத்துப் படிக்கவைத்தேன். வெடி வைப்பது, படி வெட்டுவது, மாதிரிக் கல் எடுப்பது எல்லாம் நடத்தினேன். இருபத்துமூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருடம் சொல்லிச் சொல்லி நானே அதை டோலமைட்டாக்கிவிட்டிருந்தேன் போல.

கம்பெனியிலிருந்து வந்தவர் சுரங்க மேலாளர், திருநெல்வேலிப் பக்கம். கருத்தரங்க அறை மேசையில் செய்தித்தாளை விரித்து, துணிப்பையிலிருந்து ஐந்து கல்லை எடுத்து வைத்தார். எதிலும் எண் இல்லை. பக்கத்தில் ஆசிட் பாட்டில், ஒரு கத்தி. வேறு கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். துறைத்தலைவரும் நானும் பக்கவாட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் நான்கு கல்லை நான்கு நிமிடத்தில் முடித்தாள். ஜிப்சத்தை நகத்தால் கீறிய வேகத்தைப் பார்த்து அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாவது வெள்ளைக் கல். மணிமணியாக இருந்தது. அவள் ஆசிட் விட்டாள், பொங்கியது. கல்லைத் திருப்பிப் பார்த்து, பழகிய முகத்தைக் கண்டவள்போல் லேசாகச் சிரித்தாள். "டோலமைட் சார்."

"ஊத்தின ஒடனே பொங்குதுல்லா? பொறவு எப்படிம்மா டோலமைட்டுங்கே?"

"மேல பொடி ஒட்டியிருக்குது சார். பொடி பொங்கும்."

அவர் கல்லைச் சட்டை நுனியால் துடைத்து, இன்னொரு சொட்டு விட்டார். முன்னைவிட நன்றாகப் பொங்கியது. "இப்பம்?" என்றார். அவள் கல்லை மறுபடி திருப்பிப் பார்த்தாள். "இது யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நானாத்தான் சார் நெனச்சேன்" என்றாள்.

நான் எழுந்து, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைமேல் தப்பில்லை, எங்கள் பதிவேடே தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாக்கியம். பக்கத்தில் துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். வேலை போனால் என் வீட்டில் உலை கொதிக்காமல் இருந்துவிடாது. கணவருக்கு நல்ல சம்பளம். போனால் நான் மோதிரக்கல் பார்க்கிற ஆளாக மட்டும் மிஞ்சுவேன், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

"கெட்டிக்காரப் பிள்ளதான்" என்று மேலாளர் பிற்பாடு எங்களிடம் சொன்னார். "ஆனா எங்க பொழப்பே அந்த ரெண்டையும் பிரிக்கதுதான் பாத்துக்கிடுங்க. டோலமைட்ல உள்ள மெக்னீசியம் சிமெண்ட்ல கூடிப்போச்சுன்னா கட்டுன கட்டடம் வெடிச்சிரும். தெரியலன்னாக்கூடச் சொல்லிக் குடுத்துருவேன். இந்தப் பிள்ள தப்ப உறுதியால்லா சொல்லுது." வேறு கல்லூரிப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "அது இன்னா கல்லு மேம்?"

"கால்சைட்."

"நம்ம இருவத்திமூணு மாதிரியேதான் மேம் இருந்துச்சு."

"இருபத்துமூணும் கால்சைட்தான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பதிவேடு, காணாமல் போகக்கூடாத டோலமைட், என் பொய், எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, "அப்ப எக்ஸாம்ல இன்னா மேம் எழுதறது?" என்றாள். பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் ஆளுக்கொரு வாசலில் ஏறினோம்.

அன்று இரவெல்லாம் புரண்டு படுத்தேன். செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அதில் நான் உள்தேர்வாளர். அவள் கால்சைட் என்று எழுதட்டும், வெளியிலிருந்து வருகிறவர் தப்பு என்று அடிக்கும்போது நான் ஆசிட் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் ஊற்றிக் காட்டுகிறேன், துறைத்தலைவர் வந்தாலும் வரட்டும், மே மாதம் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தேன். வேலை வாங்கித்தர முடியாது. அவள் கண்ணை நேராகப் பார்க்கவாவது முடியும். பத்து நாளும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேர்வன்று பத்து மேசையில் பத்துக் கல். மணி அடிக்க அடிக்கப் பிள்ளைகள் ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும். ஆறாவது மேசையில் இருபத்துமூன்று. அவள் அங்கே வந்தபோது நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். துளி விட்டாள். பொங்கியது, எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பஞ்சால் துடைத்தாள். பிறகு நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினாள்.

வெளித்தேர்வாளர் தாளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்து ஆறில் நிறுத்தினார். "இதை எப்படிம்மா டோலமைட்னு கண்டுபிடிச்சே?"

"ஆசிட் விட்டேன் சார். பொங்கலை. சுரண்டிப் பொடி பண்ணி விட்டதும் லேசா பொங்குச்சு."

"வெரி குட். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க" என்று முழு மதிப்பெண் போட்டார். தாளை என்னிடம் தள்ளினார். ஆசிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது நான் வாயைத் திறந்தால் போவது அவள் மதிப்பெண். பத்து நாள் சேர்த்து வைத்த அத்தனை வார்த்தையும் ஒன்றுக்கும் உதவாமல் போனது. அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். முகத்தில் கோபமோ கிண்டலோ இல்லை. நான் மூன்று வருடம் பார்த்த அதே முகம்தான், வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது வைத்துக்கொள்கிற முகம்.

"சரியாத்தான மேம் எழுதிக்கீறேன்?" என்று கேட்டாள்.

"சரிதான்" என்றேன்.